கோலில் பாம்பு ஒன்றா, இரண்டா?

3 மார்ச் 2024

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ஆஸ்பத்திரிப் பலகைகளிலும் மருந்துச் சீட்டுகளிலும் இருக்கும் இரட்டைப் பாம்புச் சின்னம் நம்முடைய குண்டலினிதான். நடுக்கோல் சுழுமுனை, இரண்டு பாம்புகளும் இடகலை, பிங்கலை. கிரேக்கர்கள் இங்கிருந்து கொண்டுபோனார்கள். அச்சகம் நடத்திய உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.”

குண்டலினிக்கு (முதுகெலும்பின் அடியில் பாம்பு போலச் சுருண்டிருப்பதாக யோக நூல்கள் சொல்லும் சக்தி, மற்ற மூன்றும் உடலில் ஓடும் நாடிகள்) அப்புறம் வருகிறேன். அச்சகம் நடத்தியவனுக்குத் தெரிந்தது முதலில். மருத்துவத்துக்கு உரிய கோலில் பாம்பு ஒன்றுதான், இறக்கை கிடையாது. இரண்டு பாம்பும் இறக்கையும் வைத்த கோல் வேறொருவருடையது. இரண்டும் கலந்துபோனதில் என் கைக்கும் பங்கு உண்டு.

1980களில் எங்களிடம் இருந்தது ஒரு டிரெடில் மெஷின், பத்துப் பன்னிரண்டு கேஸ் எழுத்து, ஒரு மரப்பெட்டி நிறைய பிளாக்குகள், அதாவது படம் அடிக்கும் அச்சுகள். பிள்ளையார், குத்துவிளக்கு, மணமக்கள் கைகோத்தது, ஏர் உழவன், தராசு. டாக்டர்களுக்கென்று இரண்டு: ஒரு சிலுவை, ஒரு இரட்டைப் பாம்பு. மதுரையில் செய்து வாங்கிய துத்தநாக பிளாக். எங்கள் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்த டாக்டர்கள் அத்தனை பேருக்கும் அந்த ஒரே பாம்பு ஜோடிதான் படமெடுத்தது. பல் டாக்டருக்கும் அதுதான், கால்நடை டாக்டருக்கும் அதுதான்.

1987இல் புதிதாக வந்த ஒரு டாக்டர் ஆயிரம் லெட்டர் ஹெட் கேட்டார். புரூஃப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை, நானும் வற்புறுத்தவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “அண்ணாச்சி, இது வியாபாரிகளின் கோல். திருடர்களுக்கும் இதே சாமிதான். நோயாளி கையில் இதைக் கொடுத்தால் என்ன நினைப்பான்?” என்றார். படித்த நோயாளி சரியாகத்தான் நினைப்பான் என்று வாய்வரை வந்தது. கட்டைத் திருப்பி எடுத்து வந்தேன். பணம் வரவில்லை. ஆயிரம் தாள் நட்டம். அன்று தொடங்கியதுதான் இந்தப் பாம்பின் மேல் எனக்குள்ள அக்கறை.

4 மார்ச் 2024

“வேறொருவர் என்றால் யார்?” என்று கேட்கிறார்கள்.

ஒற்றைப் பாம்புக் கோல் கிரேக்கர்களின் மருத்துவக் கடவுள் அஸ்க்லேபியசுடையது. அப்போலோ என்ற கடவுளின் மகன். தாய் கொரோனிஸ். குதிரை உடல் கொண்ட கைரோனிடம் மருத்துவம் கற்றவன். ஹோமரின் இலியட்டில் அவன் இன்னும் கடவுள் ஆகவில்லை, ‘குறையற்ற மருத்துவன்’ மட்டும்தான். மகன்கள் மக்காவோனும் பொடலீரியோசும் டிராய்ப் போரில் காயங்களுக்கு மருந்து போடுகிறார்கள். பிறகு இறந்தவரையே எழுப்பும் அளவுக்குக் கை தேர்ந்துவிட்டான், கடவுள்களின் அரசன் ஜூஸ் இடியால் அடித்துக் கொன்றார். பொன்னுக்கு ஆசைப்பட்டுத்தான் அப்படிச் செய்தான் என்கிறார் கவிஞர் பிண்டார். மருத்துவக் கட்டணம் பற்றிய முதல் புகார் மருத்துவக் கடவுளின் மேலேயே இருக்கிறது!

இரட்டைப் பாம்புக் கோல் ஹெர்மெஸ் என்ற இன்னொரு கிரேக்கக் கடவுளுடையது. கடவுள்களின் தூதன், வழித்துணை, வணிகர்களின் காவல், திருடர்களின் காவல். பிறந்த அன்றே அப்போலோவின் ஐம்பது மாடுகளைக் களவாடியவன். பிறகு சமாதானமாகி, தான் செய்த யாழைக் கொடுத்து அப்போலோவிடம் பொற்கோலை வாங்கிக்கொண்டான். இன்னொரு வேலையும் அவனுக்கு உண்டு: இறந்தவர்களின் உயிரைக் கீழுலகத்துக்கு அழைத்துப் போவது. ஆம்புலன்சில் அவன் கோலை வரைந்து வைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

9 மார்ச் 2024

பாம்பு எப்படி உள்ளே வந்தது என்று கேட்டவருக்கு. கொஞ்சம் நீளும்.

கிரேக்கத்தில் எபிடாரஸ் என்ற இடத்தில் அஸ்க்லேபியசின் பெரிய கோயில். நோயாளி குளித்து, பலி கொடுத்து, இரவில் அபாடோன் என்ற நீண்ட மண்டபத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். கனவில் கடவுள் வந்து தொடுவார், அறுப்பார், மருந்து போடுவார், சில நாள் வெறுமனே யோசனை மட்டும் சொல்லிப் போவார். கோயில் வளாகத்தில் நிஜப் பாம்புகள் திரிந்தன. மஞ்சள் நிறம், மனிதரோடு பழகியவை, எபிடாரஸ் மண்ணில் மட்டுமே வாழ்பவை என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போய்ப் பார்த்த பவுசானியஸ் எழுதியிருக்கிறார். உள்ளே இருந்த தந்தமும் தங்கமும் இழைத்த சிலையையும் அவர் வர்ணிக்கிறார்: அரியணையில் அமர்ந்த கடவுள், ஒரு கையில் கோல், மறுகை பாம்பின் தலைமேல், பக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது. அந்தச் சிலையில் பாம்பு கோலைச் சுற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். கோலும் பாம்பும் தனித்தனி.

கோயில் வாசலில் குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள், கி.மு. 4ஆம் நூற்றாண்டில். சுமார் எழுபது கதைகள் மிஞ்சியிருக்கின்றன. நான் முதலில் படித்தபோது நம் ஊர்க் கோயில் சுவரில் உபயதாரர் பட்டியல் படிப்பது போல இருந்தது. ஒருவனுக்குக் கால்விரலில் ஆறாப் புண். பகலில் தூக்கிக்கொண்டுவந்து வெளியே உட்காரவைத்தார்கள், தூங்கிப்போனான். மண்டபத்திலிருந்து ஒரு பாம்பு வந்து விரலை நக்கிவிட்டுத் திரும்பிப் போனது. எழுந்தவன், அழகான இளைஞன் ஒருவன் மருந்து தடவியதாகக் கனவு கண்டேன் என்றான். பார்த்தவர்களுக்குப் பாம்பு, படுத்தவனுக்கு இளைஞன்.

பாண்டரோஸ் என்பவனுக்கு நெற்றியில் தழும்பு எழுத்துகள். கடவுள் ஒரு துணிப்பட்டை கட்டிவிட, தழும்பு பட்டைக்கு மாறிவிட்டது. நன்றிக் காணிக்கையை எகேடோரோஸ் என்பவனிடம் கொடுத்தனுப்பினான். அவனுக்கும் நெற்றியில் தழும்பு உண்டு. பணத்தை அமுக்கிக்கொண்டான். கனவில் கடவுள் கேட்டபோது வாங்கவே இல்லை என்று சாதித்தான். கடவுள் பாண்டரோசின் பட்டையை எடுத்து இவன் நெற்றியில் கட்டினார். காலையில் தண்ணீரில் முகம் பார்த்தால், அவன் தழும்பு போகவில்லை, பாண்டரோசின் தழும்பும் சேர்ந்து இருந்தது. கோயில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிய கதை என்பது என் துணிபு.

எனக்குப் பிடித்தது யூஃபானேஸ் என்ற சிறுவனின் கதை. சிறுநீரகக் கல். “குணப்படுத்தினால் என்ன தருவாய்?” என்று கடவுள் கேட்கிறார். “பத்து பகடை” என்கிறான். கடவுள் சிரித்துவிட்டு, சரி என்கிறார்.

10 மார்ச் 2024

திருத்தம். பகடை என்று எழுதியது தவறான படத்தைத் தரும். ஆட்டின் கணுக்கால் எலும்பை வைத்து ஆடிய ஆட்டக்காய். நம் பிள்ளைகளின் கழற்சிக்காய், சோழி மாதிரி. பையன் தன் முழுச் சொத்தையும் தர முன்வந்திருக்கிறான். இன்னொன்று: கல் சிறுநீரகத்திலா பையிலா என்று கல்வெட்டு பிரிக்கவில்லை, வெறும் ‘கல்’தான். ‘சிறுநீரக’ நான் சேர்த்தது.

17 மார்ச் 2024

இதுவரை யாரும் நரம்புச் சிலந்தியைப் பற்றிக் கேட்கவில்லை. பூச்சி அல்ல, கினிப் புழு என்ற புழுவால் வரும் நோய். நானே எடுத்துவிடுகிறேன்.

என் அப்பத்தாவின் இடது கணுக்காலுக்கு மேல் ஒரு வட்டத் தழும்பு உண்டு. ராமநாதபுரம் பக்கம் பிறந்தவர், ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். சிறு பெண்ணாக இருந்தபோது காலில் கொப்புளம் வந்து உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒன்று தலை நீட்டியது. ஊர் வைத்தியர் அதன் நுனியை ஒரு துடைப்ப ஈர்க்கில் சுற்றிக் கட்டினார். நாளுக்கு ஒரு சுற்று, இரண்டு சுற்று. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளே தங்கிக் கால் வீங்கிவிடும். “மூணு வாரம் அந்தக் குச்சியோடதான் படுத்திருந்தேன்” என்பார். எழுத்தில் ‘மூன்று’ என்று திருத்த மனம் வரவில்லை.

அந்தப் புழு ஒரு மீட்டர் வரை நீளும். குடிதண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிக்குள் அதன் குஞ்சு இருக்கும். குடித்து ஏறக்குறைய ஓராண்டு கழித்துக் காலில் வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் ஆள் தண்ணீரில் காலை வைத்தால் அங்கேயே அடுத்த தலைமுறையை விட்டுவிடும். இன்று வரை அதை வெளியே எடுக்கக் குச்சியில் சுற்றுவதைவிடச் சிறந்த வழி வரவில்லை.

குச்சி, அதைச் சுற்றிய நீண்ட உயிர், பக்கத்தில் ஒரு மருத்துவர். இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? அஸ்க்லேபியசின் கோல் பண்டைய மருத்துவனின் விளம்பரப் பலகை, பாம்பு என்று நாம் நினைப்பது இந்தப் புழு என்று ஒரு கருத்து மருத்துவப் புத்தகங்களில் உலவுகிறது. அப்பத்தாவின் காலை நினைக்கும்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

18 மார்ச் 2024

சந்தேகம் வந்துவிட்டது. இரவு தூக்கம் இல்லை.

முதலாவது, பழைய கிரேக்கர், ரோமர் ஒருவர்கூட இந்த விளக்கத்தைச் சொல்லவில்லை. இது நம் காலத்து ஊகம். இரண்டாவது, கிரேக்கர்களுக்கு அந்தப் புழு தெரியும், ஆனால் அடுத்த வீட்டுச் சங்கதியாகத் தெரியும். செங்கடல் ஓரத்து மக்களின் கைகால்களிலிருந்து ‘குட்டிப் பாம்புகள்’ வெளிவருவதாக கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அகதார்கிடேஸ் என்ற கிரேக்கர் எழுதினார். பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் அதை எடுத்துச் சொல்கிறார். புழுவின் இன்றைய அறிவியல் பெயரும் அதே ‘குட்டிப் பாம்பு’தான். அந்த நோய்க்குப் பெயர் வைத்த பண்டைய மருத்துவர் காலென், தான் நேரில் பார்த்ததில்லை, கேள்விப்பட்டது மட்டும்தான் என்கிறார். காலென் பிறந்த ஊர் பெர்கமோன். அஸ்க்லேபியசுக்கு எபிடாரசை அடுத்துப் பெரிய கோயில் இருந்த ஊர்! அந்த ஊர் மருத்துவரே பார்க்காத புழுவை அந்த ஊர்க் கடவுள் கோலில் ஏந்தி நின்றான் என்பது எப்படி? மூன்றாவது, சிலைகளில் இருப்பது தடித்த, செதில் உள்ள, தலை தூக்கிய பாம்பு. சிலவற்றுக்குத் தாடிகூட உண்டு.

ஆகவே நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன், அப்பத்தாவின் கால் நீங்கலாக. அது உண்மை. இந்தியாவில் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் பதிவானார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நோயற்ற நாடு என்று அறிவித்தது. 1986இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இருந்தது, 2021க்குப் பிறகு ஆண்டுக்கு இருபது பேருக்கும் கீழ். தடுப்பூசி கிடையாது, மருந்து கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டியும், புண்ணோடு குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொண்டும் விரட்டினார்கள். எந்தக் கோலில் எது இருந்தால் என்ன, இந்த ஒரு வரலாற்றுக்காக அந்தப் புழுவுக்கும் ஒரு பிளாக் செய்திருக்கலாம்.

31 மார்ச் 2024

வேதாகமத்து வெண்கலச் சர்ப்பத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர். விடவில்லை. எண்ணாகமம் 21: கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் ஜனங்களைக் கடிக்கின்றன, மோசே வெண்கலத்தில் ஒரு சர்ப்பம் செய்து கம்பத்தில் தூக்குகிறார், அதை நோக்கிப் பார்த்தவன் பிழைக்கிறான். கம்பம், பாம்பு, குணம் மூன்றும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கதைக்கும் எபிடாரசுக்கும் இடையே பாலம் எதையும் யாரும் காட்டவில்லை. பிற்பாடு மக்கள் அந்தச் சர்ப்பத்துக்கே தூபம் காட்டத் தொடங்க, எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். சின்னங்களின் மேல் கோபம் வருவது எனக்கு மட்டும் அல்ல என்பதில் ஒரு நிம்மதி.

7 ஏப்ரல் 2024

இரட்டைப் பாம்பு மருத்துவத்துக்குள் எப்படி நுழைந்தது? என் தொழில்காரர்கள்தான் கூட்டிவந்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோஹான் ஃப்ரோபென் என்ற அச்சகர், அறிஞர் எராஸ்மஸின் நூல்களை அச்சிட்டவர், 1527இல் இறந்தார். அவருடைய அச்சகச் சின்னம்: இரண்டு கைகள் பிடித்திருக்கும் இரட்டைப் பாம்புக் கோல், உச்சியில் ஒரு புறா. “சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும் புறாக்களைப்போலக் கபடற்றவர்களுமாய் இருங்கள்” என்ற வேதாகம வசனத்தின் படம் அது. மருத்துவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அச்சகர் செய்தியைச் சுமப்பவர், வியாபாரியும்கூட, ஹெர்மெசின் கோல் பொருத்தம். ஆனால் அதே அச்சகத்திலிருந்து மருத்துவ நூல்களும் வந்தன. முகப்புப் பக்கத்தில் பாம்பைப் பார்த்தவன் உள்ளே இருக்கும் பொருளோடு அதை முடிச்சுப் போட்டான்.

19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் சர்ச்சில் என்ற மருத்துவ நூல் பதிப்பாளர் (பிரதம மந்திரி அல்ல) இதே கோலைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டார். ஒரு பாம்புக்கு மருத்துவம் என்றும் மற்றதற்கு எழுத்து என்றும் பெயர். அவருடைய புத்தகங்கள் கப்பலில் அமெரிக்காவுக்குப் போயின. புத்தகத்தில் கண்டதை டாக்டர்கள் தங்கள் சின்னம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1902இல் கேப்டன் ஃபிரடெரிக் ரெனால்ட்ஸ் என்ற ராணுவ மருத்துவர் விடாப்பிடியாக எழுதி எழுதி, அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவின் காலரில் அதைப் பொருத்தவைத்தார். அங்கிருந்து உலகம் முழுவதும்.

இதற்கு ஒரு காரணத்தை நான் மட்டும்தான் சொல்வேன், ஏனென்றால் நான்தான் பக்கம் கட்டியவன். இரட்டைப் பாம்பு நடுவில் நிற்கும். இடமும் வலமும் ஒரே அளவு. டாக்டர் பெயருக்கு மேலே நட்டநடுவில் வைத்தால் கண்ணை உறுத்தாது. ஒற்றைப் பாம்பு ஒரு பக்கமாகத் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு அளந்து வைத்தாலும் புரூஃபில் கோணலாகத் தெரியும், வாடிக்கையாளர் “கொஞ்சம் நகர்த்துங்கள்” என்பார், நகர்த்தினால் பெயர் கோணலாகிவிடும். அழகாக அச்சில் ஏறுவது ஜெயிக்கும். எது சரி என்று கேட்க அங்கே யார் இருந்தார்கள்?

8 ஏப்ரல் 2024

நேற்று உற்சாகத்தில் ரெனால்ட்சையும் அச்சகரையும் மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டேன். அமெரிக்க ராணுவ மருத்துவமனைப் பணியாளர்களின் சட்டைக் கையில் 1851இலேயே இந்தக் கோல் வந்துவிட்டது. கடலோடிகளுக்கான மருத்துவமனைத் துறை 1871இல் எடுத்துக்கொண்டது. அவர்களுக்காவது ஒரு நியாயம் உண்டு, கடல் வணிகத்தோடு தொட்ட துறை. ராணுவத்தில் இருந்தவர்கள் சொன்ன நியாயமும் கேட்க வேண்டியது: ஹெர்மெசின் கோல் தூதனின் கோல், அதை ஏந்தியவனை எதிரி தொடக்கூடாது, போர்க்களத்து மருத்துவனுக்கும் அதுதான் நிலை. நல்ல வாதம். காலரில் தைத்த பிறகு கண்டுபிடித்ததா என்பதுதான் கேள்வி.

இன்னொரு திருத்தம். ஹெர்மெசின் கோலில் தொடக்கத்தில் இறக்கையும் கிடையாது, பாம்பும் கிடையாது. பழைய பானைகளில் அது மேற்புறம் திறந்த எட்டு போல முடியும் வெறும் கோல். பாம்பு பிறகு, இறக்கை அதற்கும் பிறகு.

(பின்னிரவு: எட்டு என்றதும் ஒருவர் ‘அ’ போல இருக்கும் தமிழ் எண்ணை நினைத்து வரைந்து அனுப்பியிருக்கிறார். 8, ஐயா, 8.)

21 ஏப்ரல் 2024

குண்டலினிக்கு வருகிறேன் என்றேன். கேட்டவர் மறக்கவில்லை.

ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது, மறுக்கவில்லை. எங்கள் தெருமுனை அரசமரத்தடியில் நாகக்கல் இருக்கிறது. இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து முகம் பார்த்து நிற்கும். சின்ன வயதில் அந்த பிளாக்கைப் பார்த்தபோது நாகக்கல்லுக்கு யாரோ இறக்கை ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நாகக்கல்லைச் சுற்றுவது பிள்ளை வரத்துக்கு. எபிடாரசுக் கல்வெட்டிலும் கேயோஸ் தீவைச் சேர்ந்த அகமேதா என்பவள் பிள்ளை வேண்டிப் படுக்கிறாள், கனவில் ஒரு பாம்பு வயிற்றின்மேல் கிடக்கிறது, ஐந்து பிள்ளைகள் பெறுகிறாள். படித்தபோது எனக்கும் புல்லரித்தது.

ஆனால் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் ஒரு கல் குவளை இருக்கிறது. மெசபட்டோமியாவில் லகாஷ் நகரத்து குடேயா என்ற அரசன் நிங்கிஷ்சிதா என்ற தெய்வத்துக்குக் கொடுத்தது, கி.மு. 2100 வாக்கில். நடுவில் கோல், இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு ஏறுகின்றன. இடகலை பிங்கலை பேசும் நூல்கள் எதையும்விட அது மிகப் பழையது. எடுத்துக்கொண்டுபோன கதை என்றால் நாம்தான் அங்கிருந்து எடுத்தோம் என்று ஒருவர் சொல்லக்கூடும். அதற்கும் சான்று இல்லை. இணைசேரும் பாம்புகள் பின்னிக்கொள்ளும், அதைப் பார்க்க எந்த ஊர்க்காரனுக்கும் இன்னொரு ஊர்க்காரன் சொல்லித்தர வேண்டாம்.

இதைவிட முக்கியம்: குண்டலினி வாதம் நிற்பதற்கே இரண்டு பாம்பு வேண்டும். மருத்துவக் கோலில் இருப்பதோ ஒன்று. ஒரு அச்சுப் பிழையின் மேல் யோகம் கட்டாதீர்கள். நம் மருத்துவக் கடவுள் தன்வந்திரியின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: அமுத கலசம், பல சிலைகளில் ஒரு அட்டை. ரத்தம் உறிஞ்சும் அந்த அட்டைதான். பெருமைப்பட ஒரு பிராணி வேண்டும் என்றால் அதை எடுத்துக்கொள்ளலாம். யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.

5 மே 2024

சிவப்புச் சிலுவை பற்றி இரண்டு பேர். அந்த பிளாக்கையும் நான் கண்டபடி அடித்துத் தள்ளினேன், சிவப்பு மையில் தனியாக ஒரு ஓட்டம் விட்டு. அது மருத்துவச் சின்னமே அல்ல. 1864 ஜெனிவா ஒப்பந்தத்தில் போர்க்களத்தில் சுடப்படக் கூடாதவர்களுக்கான அடையாளமாக வந்தது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் டாக்டர், மருந்துக்கடை யாரும் பயன்படுத்தக் கூடாது. நான் போட்ட சிலுவைகளுக்கு வழக்குப் போட்டிருந்தால் ஆயுள் போதாது.

ஆம்புலன்சில் பார்க்கும் நீல நிற ஆறுகை நட்சத்திரம் வந்ததும் இதனால்தான். அமெரிக்காவில் ஆம்புலன்ஸ்களில் ஆரஞ்சுச் சிலுவை போட்டார்கள், செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபித்தது. 1973இல் லியோ ஷ்வார்ட்ஸ் என்ற அரசு அதிகாரி இந்த நட்சத்திரத்தை வரைந்தார். நடுவே ஒற்றைப் பாம்புக் கோல். உலக சுகாதார நிறுவனம் 1948இல் தேர்ந்ததும் ஒற்றைதான். அமெரிக்காவில் வால்டர் ஃபிரீட்லாண்டர் என்பவர் 242 சின்னங்களை எண்ணிப் பார்த்தார்: மருத்துவர்களின் சங்கங்களில் 62 சதவீதம் ஒற்றைப் பாம்பு, வணிக நிறுவனங்களில் 76 சதவீதம் இரட்டைப் பாம்பு. வணிகர்கள் தங்கள் சாமியைத் தெரியாமலேயே சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

12 மே 2024

“எல்லாம் சரி, பாம்பு ஏன்?” இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கோர்னூட்டஸ் என்ற தத்துவவாதி கொடுத்த பதில் எனக்குப் போதும். மருந்து உண்டவன் பாம்பு போல, நோய்க்குப் பிறகு புதிதாகி முதுமையை உரித்துப்போடுகிறான் என்கிறார். கோல் எதற்கு? ஊன்றிக்கொள்ளாவிட்டால் மறுபடி மறுபடி விழுவோம், அதற்கு. இதில் ஒரு சொல் விளையாட்டு இருக்கிறது. கிரேக்கத்தில் ‘கேராஸ்’ என்றால் முதுமை, பாம்பு உரித்த சட்டைக்கும் அதே சொல்தான். நாம் சட்டை என்கிறோம், அவர்கள் முதுமை என்றார்கள். ‘பார்மகோன்’ என்ற சொல்லும் அப்படித்தான், மருந்துக்கும் விஷத்துக்கும் ஒன்றே.

கோயிலில் இருந்தது விஷமில்லாத பாம்பு என்பதை மறக்க வேண்டாம். அஸ்க்லேபியசின் பெயரையே தாங்கி இன்றும் தெற்கு, மத்திய ஐரோப்பாவில் திரிகிறது ஒரு பாம்பு, இரண்டு மீட்டர் வரை வளரும், மரம் ஏறுவதில் கெட்டி. கோலில் சுற்றவைப்பதற்கு ஏற்றது. ரோமில் கொள்ளைநோய் வந்தபோது கி.மு. 291இல் எபிடாரசிலிருந்து ஒரு பாம்பைக் கப்பலில் கொண்டுபோனார்கள். அது டைபர் நதித் தீவில் இறங்கிக்கொண்டதாம், அங்கேயே கோயில் கட்டினார்கள். தீவின் கரையைக் கப்பல் வடிவில் கல்லால் கட்டி, பாம்பும் கோலும் செதுக்கியது இன்னும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதே தீவில் ஒரு ஆஸ்பத்திரி நடக்கிறது. பாம்பு இடம் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறது.

விஷப் பாம்பும் பின்னால் மருத்துவத்துக்கு வந்துதான் சேர்ந்தது. நான் காலையில் விழுங்கும் ரத்த அழுத்த மாத்திரையின் மூதாதை கேப்டோப்ரில், 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்து பிறந்த மருந்து. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் எடுத்து விஷமுறிவு மருந்து செய்யக் கொடுக்கிறது. எந்த டாக்டரின் லெட்டர் ஹெட்டுக்கும் அவர்கள் கையில் இருக்கும் பாம்பு பொருந்தும்.

13 மே 2024

பாம்பை வைத்துப் பிழைத்தவர்களும் உண்டு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் என்ற ஒருவன் பழக்கிய பாம்பு ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அதன் தலையை அக்குளில் ஒளித்து, துணியில் செய்த மனிதத் தலையை வெளியே காட்டி, புது அஸ்க்லேபியஸ் பிறந்துவிட்டான், பெயர் கிளைக்கோன் என்றான். கூட்டம் அலைமோதியது, குறி சொல்லக் கட்டணம். லூசியன் என்ற எழுத்தாளர் கிழி கிழி என்று கிழித்திருக்கிறார். லூசியன் இட்டுக்கட்டினார் என்று நினைக்க இடமில்லை: 1962இல் ருமேனியாவில் கான்ஸ்டான்சா நகரத்தில் தோண்டியபோது கிளைக்கோனின் பளிங்குச் சிலையே கிடைத்தது. நீண்ட கூந்தலோடு.

26 மே 2024

கட்டணம் கட்டணம் என்று எழுதியதில் பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. மார்ச் 3 குறிப்பில் அந்த டாக்டரிடமிருந்து பணம் வரவில்லை, ஆயிரம் தாளும் நட்டம் என்று எழுதினேன். இதை முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

பரணில் பேரேடுகள் இருந்தன. 1987ஆம் ஆண்டுக்கானதைக் கரையான் பாதி தின்றுவிட்டது, பாக்கிப் பாதியில் அந்தப் பக்கம் இருக்கிறது. லெட்டர் ஹெட் 1000, டாக்டர், என் கையெழுத்து. ஆறு நாள் கழித்து வரவு: காகித விலை முழுவதும், கூலியில் பாதி. அதற்கு அடுத்த மாதம் மறுபடி 1000, முழுத் தொகையும் வரவு. இரண்டாவது முறை என்ன பிளாக் வைத்தேன் என்று எழுதவில்லை. ஒற்றைப் பாம்பு பிளாக் என்னிடம் இருந்ததே இல்லை, எனவே பெயர் மட்டும் போட்டிருப்பேன்.

முதல் ஆயிரத்தைத் துண்டு துண்டாக வெட்டி வீட்டுக்குக் கொடுத்ததை என் மனைவி நினைவுபடுத்தினாள். ஒரு கட்டு இன்னும் சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. முன்பக்கம் பாதிப் பாம்பு, ஒரு இறக்கை. பின்பக்கம் பால் கணக்கு.